சேத்ரிக்கு ரசிகர்கள் பட்ட கடன்

சுனில் சேத்ரி இந்தியாவுக்காக ஆடிய முதல் சர்வதேச கால்பந்து ஆட்டம், 2005 ஜூனில் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்தது. அதிலேயே ஒரு கோல் போட்டார். 2024 ஜூன் 6 அன்று விடைபெற்றபோது கணக்கு 151 ஆட்டங்கள், 94 கோல்கள். நாட்டுக்காக அதிக கோல் அடித்த ஆண்கள் வரிசையில் அன்று ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகிய மூவர் மட்டுமே அவருக்கு முன்னால் இருந்தார்கள்.

நேபாளம், மாலத்தீவு போன்ற அக்கம்பக்கத்து அணிகளிடம் சேர்த்த கோல்கள்தானே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் 2008இல் டெல்லியில் நடந்த ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் அடித்த ஹாட்ரிக்தான், 27 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவை ஆசியக் கோப்பைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே 2011இல் பஹ்ரைனுக்கும் தென் கொரியாவுக்கும் எதிராக கோல் போட்டார். 2019இல் தாய்லாந்தை 4-1 என இந்தியா வென்றதில் இரண்டு கோல்கள் அவருடையவை. இவையெல்லாம் சும்மா கிடைத்தவை அல்ல.

உயரம் 170 சென்டிமீட்டர்தான். அப்படியிருந்தும் தலையால் முட்டி ஏராளமான கோல்கள் அடித்தார். தடுப்பாட்டக்காரரோடு தோளுக்குத் தோள் நின்று மோதுவது அவர் வழக்கமில்லை. எதிராளியின் பார்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு, பந்து இறங்கும் நேரத்துக்குச் சரியாக ஓடி வந்து சேர்வார். 2017 ஜூனில் பெங்களூருவில் கிர்கிஸ்தானுக்கு எதிராக அடித்த கோல் இந்தக் கலைக்கு நல்ல சாட்சி. நடுமைதானத்தில் பந்தை எடுத்து, எதிராளிகளைக் கடந்து சக வீரர் ஜெஜேயிடம் தள்ளிவிட்டார், நிற்காமல் ஓடினார். ஜெஜே தூக்கிப்போட்ட பந்து தரையைத் தொடுமுன் வலைக்குள் அடித்தார். ஆட்டத்தின் ஒரே கோல் அது.

ரசிகர்கள் அவருக்குக் கடன்பட்டது வேறொரு கணக்கில். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேக்கு எதிராக அவர் ஹாட்ரிக் அடித்தபோது பார்க்க வந்திருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். திட்டுவதென்றாலும் பரவாயில்லை, மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஒரு நாட்டின் கேப்டன் ஆள் சேர்க்க இப்படிக் கெஞ்ச வேண்டியிருந்தது அவருக்கு இழுக்கல்ல. கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் மிச்சமில்லை. கொட்டும் மழையில் நடந்த அந்த ஆட்டம் அவருடைய 100ஆவது. அதிலும் இரண்டு கோல்கள்.

கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்த விடைகொடுப்புக்கு 58,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். 2002இல் மோகன் பகானில் சேர்ந்து தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய நகரம் அது. குவைத்துக்கு எதிரான அந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் கோலின்றி முடிந்தது. சக வீரர்கள் இருபுறமும் வரிசைகட்டி நிற்க, நடுவே கைகூப்பியபடி அழுதுகொண்டு நடந்தார்.

ஆனால் அவர் இடத்தை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. அணிக்கு கோல் வறட்சி. 2025 மார்ச்சில், 40 வயதில், மறுபடியும் தேசிய அணிக்கு அழைக்கப்பட்டார். ஷில்லாங்கில் மாலத்தீவை இந்தியா 3-0 என வென்ற ஆட்டத்தில் தன் 95ஆவது கோலை அடித்தார், தலையால் முட்டி.