அனர்த்தத்தின் ஆங்கிலமும் நம் மக்களும்

பேரிடர்ப் பணிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களாகச் செல்ல விரும்பும் தமிழ்த் தொண்டர்கள் சிலர் பொங்கோலில் கூடியபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வரமுடியாமற்போன வாசகர்களுக்காக இங்கே தரப்படுகிறது.



நிவாரணப் பணியில் வரும் ஆங்கிலச் சொற்களைச் சொல்லித்தரும்படி என்னைக் கேட்டிருந்தீர்கள். ஐம்பது சொற்களை எழுதி, எதிரே தமிழைப் போட்டு, ஒரு தாளை உங்கள் கையில் தந்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படியொரு தாளை நம்பித்தான் இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் வேலைக்குப் போனேன். அதனால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2005ஆம் ஆண்டின் தொடக்கம். ஆழிப்பேரலை வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த மக்களுக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கும் இடையில் நான் மொழிபெயர்ப்பாளன். கையிலிருந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று சுனாமியால் பாதிக்கப்பட்டவர், மற்றது மோதலால் பாதிக்கப்பட்டவர். ஒன்றில் மட்டும் அடையாளமிட வேண்டும். அறுபது வயது கடந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, சண்டை எங்கள வீட்டில இருந்து எழுப்பிச்சு. கடல் கொட்டில்ல இருந்து எழுப்பிச்சு. இதுல எத எழுதப் போறீங்க?"

1990இல் ஊரை விட்டு ஓடி, கரையோரத்தில் கொட்டில் போட்டு வாழ்ந்தவர் அவர். நான் சுனாமிக் கட்டத்தில் அடையாளமிட்டேன். அவருடைய தங்கை உள்ளே, அதே யுத்தத்தால் வந்தவர்களுக்கான முகாமில் இருந்தார். அவருக்கு மோதல் கட்டம். அக்காவின் பெயர் கல்வீட்டுப் பட்டியலுக்குப் போனது. தங்கை தகரக் கூரைக்குள்ளேயே இருந்தார். உலகம் அள்ளித் தந்த பணம் சுனாமிக்கென்று தந்த பணம். பதினைந்து ஆண்டுகளாக முகாமில் கிடந்தவர்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். நான் பொய் எழுதவில்லை. ஆனால் பாதி உண்மையை எழுதினேன், அந்தப் பாதிக்கு ஒரு வீடு கிடைத்தது.

ஆகவே ஒவ்வொரு சொல்லிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. இந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள்? வெளியே யார் விடப்படுகிறார்கள்? செயலைச் செய்தவர் யார் என்பதை இது சொல்கிறதா, மறைக்கிறதா?

'டிசாஸ்டர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஈழத்தில் நாங்கள் அனர்த்தம் என்போம், நீங்கள் இங்கே பேரிடர் என்கிறீர்கள். இந்தத் துறையில் இதற்குப் பக்கத்தில் 'ஹசார்ட்' என்று இன்னொரு சொல் உண்டு. புயல், வெள்ளம், மண்சரிவு ஆகியவை ஹசார்ட், அதாவது இடர். அந்த இடர், காக்கப்படாத மக்கள்மேல் விழும்போதுதான் பேரிடர் ஆகிறது. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து, மலையகத் தமிழ்த் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மழை இயற்கை. எச்சரித்த பின்னும் மக்கள் அதே லயன்களில் இருக்க நேர்ந்தது இயற்கையா? 'இயற்கைப் பேரழிவு' என்று நாம் மொழிபெயர்க்கும்போது அந்தக் கேள்வியையும் மண்ணோடு சேர்த்து மூடிவிடுகிறோம்.

அடுத்தது 'ரெஃபியூஜி'. தமிழில் வீடிழந்த எல்லோரும் அகதிகள்தான். சட்டத்தில் அப்படியல்ல. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்படி, நாட்டின் எல்லையைத் தாண்டியவரே அகதி. தாண்டாதவர் 'ஐ.டி.பி.', உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். இராமேஸ்வரம் கரையேறியவரும் வவுனியாவில் நின்றுவிட்டவரும் ஒரே குண்டுக்குத் தப்பியவர்களாக இருக்கலாம். ஆனால் பின்னவரைக் காக்கும் முதற்பொறுப்பு அவருடைய சொந்த அரசிடமே விடப்படுகிறது. அவர்களுக்கென 1998இல் ஐ.நா.வில் வைக்கப்பட்ட வழிகாட்டும் கோட்பாடுகள் நல்லவை, எனினும் அவை உடன்படிக்கை அல்ல. குண்டு போட்டது அந்த அரசேயானால் என்ன செய்வது?

நமது மொழிபெயர்ப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. ஆங்கிலச் சொல் 'டிஸ்பிளேஸ்ட்' என்கிறது, அதாவது பெயர்க்கப்பட்டவர். யார் பெயர்த்தார் என்று அது சொல்லாவிட்டாலும், யாரோ பெயர்த்தார்கள் என்பதையாவது ஒப்புக்கொள்கிறது. நாமோ 'இடம்பெயர்ந்தோர்' என்கிறோம். தாமாகவே மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் போல! 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களையும் நாம் பல காலம் இடம்பெயர்ந்தோர் என்றே எழுதிவந்தோம். அவர்கள் இடம்பெயரவில்லை, விரட்டப்பட்டார்கள். மற்றவர் நமக்குச் செய்ததைச் சொல்லும் அதே தெளிவோடு, நம் தரப்பில் செய்யப்பட்டதையும் சொல்லாவிட்டால் நம் சொற்களை யார் நம்புவார்கள்?

அந்த முஸ்லிம்களுக்கு மீண்டும் ஒரு சொல்லால் அநீதி நடந்தது. 2009க்குப் பின் நிவாரணக் கணக்கில் 2008 ஏப்ரல் ஒரு கோடாகப் போடப்பட்டது. அதற்குப் பின் பெயர்க்கப்பட்டோர் 'புதிய ஐ.டி.பி.', முன்னர் பெயர்க்கப்பட்டோர் 'பழைய ஐ.டி.பி.'. உதவியின் பெரும்பகுதி புதியவர்களுக்கே போனது. புத்தளத்தில் இருபது ஆண்டுகள் காத்திருந்தவர்கள், காத்திருந்த காலம் நீண்டுவிட்டதாலேயே பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

இனி 2009க்கு வருவோம். அந்த ஆண்டு வன்னியில் நடந்ததற்கு அரசு வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. 2011இல் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலும் அந்தச் சொல் உண்டு. ஜனவரியில் 'நோ ஃபயர் ஸோன்' அறிவிக்கப்பட்டது. அதாவது, சுடாத வலயம். தமிழில் அது 'பாதுகாப்பு வலயம்' ஆயிற்று. சுடமாட்டோம் என்ற வாக்குறுதி, இங்கே வந்தால் பிழைப்பீர்கள் என்ற அழைப்பாகிவிட்டது. மக்கள் போனார்கள். அந்த வலயங்களுக்குள் அரச படைகள் எறிகணை வீசியதாகவும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததாகவும் சுட்டதாகவும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதையும் அக்குழு மறுக்க முடியாதெனச் சொன்னது.

அதே நாட்களில் கொழும்பு திரும்பத் திரும்பச் சொன்ன தொடர் 'ஸீரோ சிவிலியன் கேஷுவல்டி'. இந்தக் 'கேஷுவல்டி' என்ற சொல்லில் கவனமாக இருங்கள். அது உயிரிழந்தோரை மட்டும் குறிப்பதல்ல, காயமடைந்தோரும் அதில் அடக்கம். நூறு கேஷுவல்டி என்றால் நூறு பேர் இறந்தார்கள் என்று மொழிபெயர்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் நாளை வேறொருவர் நம் எண்ணிக்கையைப் பொய்யென்று காட்டிவிடுவார். அதன் பின் நம்முடைய உண்மையான எண்ணிக்கையும் எடுபடாது.

இன்னொரு சொல் 'வெரிஃபைட்', சரிபார்க்கப்பட்டது. வன்னியில் இருந்து வந்த தகவல்களை வைத்து ஐ.நா. ஊழியர்கள் இறப்புகளைக் கணக்கிட்டே வந்தார்கள். முழுமையாகச் சரிபார்க்கப்படவில்லை என்ற காரணத்தோடு அந்தக் கணக்கை உரத்துச் சொல்ல மேலிடம் தயங்கியது. 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபின், நேரில் சரிபார்க்க அங்கே யார் இருந்தார்கள்? அமைப்பு முழுவதுமே தவறியது என்று 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வே ஒப்புக்கொண்டது. அதற்குள் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன.

தப்பி வந்தவர்களில் 250,000க்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். அவற்றில் மிகப்பெரியது செட்டிகுளம் மெனிக் பாம். அதற்குப் பெயர் 'வெல்ஃபெயர் வில்லேஜ்', நலன்புரிக் கிராமம். அதன் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்த் தலைவர்களின் பெயர்கள். 2009 டிசம்பர் 1 வரை அனுமதியின்றி யாரும் வெளியே போக முடியவில்லை. வாசலில் காவலும் சுற்றிவர முட்கம்பியும் இருக்கும் இடத்துக்கு நம் ஊரில் கிராமம் என்றா பெயர்?

முகாமுக்கு வரும் வழியில், ஓமந்தையில், நடந்ததற்கு 'ஸ்க்ரீனிங்' என்று பெயர். அப்படிப் பிரித்தெடுத்துக் கொண்டுபோகப்பட்ட சிலரை இன்றும் குடும்பங்கள் தேடுகின்றன. இந்தச் சொல்லை நான் உங்களுக்கு இந்த ஊரில் வைத்து விளக்கவேண்டியதில்லை. 1942 பெப்ரவரியில் ஜப்பானியப் படை சிங்கப்பூர்ச் சீனர்களை வரிசையில் நிறுத்தி நடத்தியதையும் ஆங்கில வரலாறு ஸ்க்ரீனிங் என்றுதான் எழுதுகிறது. அப்படிப் பிரித்தெடுக்கப்பட்டவர்களில் முந்நூறு நானூறு பேரை, பெப்ரவரி 28 அன்று, இதோ இந்தப் பொங்கோல் கடற்கரையில் சுட்டுக்கொன்றார்கள். நினைவுக்கல் அங்கே இருக்கிறது. திரும்பும் வழியில் போய்ப் பாருங்கள்.

அது பழைய கதை என்று யாரும் நினைக்கலாம். 2020 ஏப்ரல் 5 அன்று கொவிட் தொற்றுக்காக இரண்டு தொழிலாளர் தங்குவிடுதிகள் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. ஒன்று இங்கே பொங்கோலில் இருந்த எஸ்11. உள்ளே ஏறத்தாழ 13,000 பேர். சிங்கப்பூர்த் தங்குவிடுதிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் தம்பிமார் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு தினமும் மாலையில் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்து வந்தது. 'கம்யூனிட்டி' தொற்று ஒருபுறம், 'டார்மிட்டரி' தொற்று மறுபுறம்.

நியாயமாகவே பேசுவோம். நெருக்கமான அறைகளில் நோய் வேறு வேகத்தில் பரவும், ஆகவே தனியாகக் கணக்கிடுவதற்கு மருத்துவக் காரணம் உண்டு. உள்ளே இருந்தவர்களுக்கு உணவும் இலவச சிகிச்சையும் கொடுக்கப்பட்டன என்பதும் உண்மை. ஆனால் கம்யூனிட்டி என்றால் சமூகம். நாள்தோறும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, இந்த நகரத்தைக் கட்டிய கைகள் சமூகத்துக்கு வெளியே இருப்பவை என்று நம் காதுகள் பழகிக்கொண்டன. சமூகத்தில் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நாம் மூச்சுவிட்டோம். ஆண்டு முடிவில் வந்த கணக்கின்படி, தங்குவிடுதித் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. சொல்லில் இருந்த வேலி தெருவிலும் நீடித்தது. 2022 ஜூனில் வெளியே செல்லும் அனுமதி முறை தளர்த்தப்பட்ட பிறகும், ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியாவுக்கு வர அவர்கள் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. தேக்காவில் ஒரு தேநீர் குடிக்க அனுமதிச்சீட்டு!

நண்பர்களே, சொற்கள் நம்மைவிடப் பெரியவை, நாம் என்ன செய்யமுடியும் என்று சோர்ந்துவிடாதீர்கள். காணாமற்போனோர் என்றுதான் அரசும் நிறுவனங்களும் எழுதின. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் பெயரிலும் காணாமற்போன ஆட்கள் என்றே இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் உட்கார்ந்த தாய்மார் அதை ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் தாமாகக் காணாமற்போகவில்லை, அவர்கள் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். ஒரு வினைச்சொல்லைத் திருத்தினார்கள், செய்தவர் ஒருவர் உண்டு என்பது தெரிந்துவிட்டது. இன்று தமிழ்ப் பத்திரிகைகள் அந்தச் சொல்லை எழுதுகின்றன. இலக்கண ஆசிரியர் யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீங்கள் களத்துக்குப் போகும்போது செய்யவேண்டியவை சில. முதலில் அந்த மனிதர் சொன்னதை அவர் சொன்ன தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஆங்கிலத்தைத் தேடுங்கள். 'அடைச்சு வச்சிருக்கிறாங்க' என்று அவர் சொன்னால், தங்கவைக்கப்பட்டுள்ளனர் என்று மெருகூட்டாதீர்கள். ஆங்கிலச் சொல் ஒன்று சட்டத்தில் என்ன உரிமையைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை அவருக்கும் விளக்குங்கள். தான் எந்தக் கட்டத்தில் விழப்போகிறோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. படிவத்தில் இடமில்லாத உண்மையை ஓரத்திலாவது எழுதுங்கள், தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மட்டக்களப்பில் அன்று நான் அதைச் செய்யவில்லை. இரண்டு கட்டங்களிலும் அடையாளமிட்டு, ஏன் என்று ஓரத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால், குறைந்தது ஓர் அதிகாரியாவது நின்று கேட்டிருப்பார். "இதுல எத எழுதப் போறீங்க?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். உங்களிடமும் யாரோ ஒருவர் அதைக் கேட்பார்.