வறட்சியும் சவலைப் பிள்ளையும்



நாம் மருத்துவரல்லோம்; இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்போர். ஆயினும், நமக்குச் சோறிட்ட இம்மராட்டிய மண்ணின் குழந்தைகளைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றோம்.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மீரஜிலிருந்து வறட்சியுற்ற லாத்தூருக்குத் தண்ணீர் இரயில் சென்றது. முதல் நடையில் பத்துத் தொட்டி வாகன்களில் ஏறக்குறைய 5 இலட்சம் லிட்டர் நீர் போய்ச் சேர்ந்தது. இரயில் ஊழியர் யாவரும் பெருமை கொண்டோம். எனினும், வறட்சியில் வாடும் இளங்குழந்தையைக் காக்க நீரும் தானியமும் மட்டும் போதா. தாயின் நேரமும் வேண்டும்.

மழை பொய்த்தால் முதலில் பருப்புக் குறைகின்றது. தீவனமின்றி மாட்டை விற்கின்றனர். அதனோடு பாலும் போகின்றது. எஞ்சுவன சோள ரொட்டியும் நீர்த்த கஞ்சியுமே. ஆறு திங்கள் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வேற்றுணவும் தேவை. அதன் வயிறோ சிறிது. ஆகவே நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, கெட்டியாகக் குழைத்த உணவைச் சிறிது சிறிதாக ஊட்டுதல் வேண்டும். ஊட்டுவார் யார்? தாய் குடத்துடன் தொலைவில் நிற்கின்றாள். அன்றேல் கூலி வேலையில் இருக்கின்றாள்.

பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்ததும் கணவனும் மனைவியுமாகக் கரும்பு வெட்டப் புறப்படுகின்றனர். இருவரையும் சேர்த்து 'ஒரு கோய்தா', அதாவது ஓர் அரிவாள், என்றே கணக்கிடுகின்றனர். குழந்தைக்கு அக்கணக்கில் இடமில்லை. ஊர் அங்கன்வாடியும் பின்னே நின்றுவிடுகின்றது.

கலங்கிய நீரால் பேதி, பேதியால் பசியின்மை, பசியின்மையால் உடல் வற்றல், வற்றிய உடலில் மீண்டும் நோய். நம் பாட்டிமார் 'சவலை' என்று சொல்லி வருந்தியது இத்தகைய மெலிவையே. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்தோர் இந்தியாவில் நூற்றுக்கு 19.3, மராட்டிய மாநிலத்தில் 25.6.

இதனைக் கண்டறிதல் அரிதன்று. ஆறு திங்கள் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கை நடுவில் நாடாவைச் சுற்றினால், அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாயின் கடும் மெலிவு. உடனே மருத்துவம் வேண்டும். இரு பாதங்களிலும் வீக்கம் கண்டாலும் அவ்வாறே.

தாய்மார்களே! நம் காலனியின் ஓரத்தில் கூடாரமிட்டுத் தங்கும் கூலிக் குடும்பங்களைக் காண்கின்றோம். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு திங்கள் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகட்கு அங்கன்வாடியில் இலவச உணவு பெறும் உரிமை உண்டு. வெளியூரார்க்கு அது தெரிவதில்லை. உங்கட்கு மராட்டி நன்கு வரும். அக்கூடாரங்கட்குச் சென்று இதனை எடுத்துரையுங்கள். அங்கன்வாடிப் பணியாளரை அழைத்து வந்து குழந்தைகளின் கையை அளக்கச் செய்யுங்கள். சங்கம் இவ்வாண்டு செய்யத்தக்க பணி இதனினும் வேறு யாது?