சீவல் தொழிலாளிக்கு அக்கறை இல்லையா?

பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும்போதெல்லாம், சீவல் தொழிலாளிக்கு அக்கறை இல்லை என்று குறைப்படுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பழியை இந்தப் பளை மண்ணில் வைத்தே மறுத்தாக வேண்டும்.

பொது நன்மை, அதாவது பங்களித்தவருக்கும் பங்களிக்காதவருக்கும் ஒன்றுபோலக் கிட்டும் பலன், பெருந்தொகையானோரைச் சங்கத்தில் சேர்க்கப் போதாது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் மன்கூர் ஒல்சன் 1965இலேயே நிறுவினார். சங்கத்தின் முயற்சியால் கள்ளின் விலை உயர்ந்தால் வெளியே விற்பவருக்கும் அது உயரும்; பனை தறிப்பதற்கு எதிரான குரல் வென்றால் சந்தா கட்டாதவர் சீவும் மரமும் தப்பும். அப்படியிருக்க, ஒதுங்கி நிற்பவரைச் சோம்பேறி என்பது என்ன நியாயம்?

தளைநார் மாட்டி, முட்டியும் கத்தியும் இடுப்பில் தொங்க, மழைக்கு வழுக்கும் மரத்தில் காலையும் மாலையும் ஏறுபவருக்கு, தவறி விழுந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை தரும் சங்கத்தின் விபத்து நிதியையே, ஆளைச் சங்கத்தில் சேர்க்கும் தூண்டுதலாக, ஒல்சன் தனிச்சலுகை, அதாவது உறுப்பினருக்கு மட்டும் உரிய பலன், என்ற வகையில் வைப்பார்.

ஆயினும் பணம் மட்டுமே ஆளைச் சேர்ப்பதில்லை. கிளார்க், வில்சன் என்னும் இரு அறிஞர்கள் 1961இல் பொருட்பலனோடு தோழமையையும் கொள்கைப் பற்றையும் சேர்த்தே எண்ணினர். 1970களின் தொடக்கத்தில் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியை உடைத்து இச்சங்கங்கள் எழுந்தபோது, சாதியின் பெயரால் முற்றத்தில் நிறுத்தப்பட்ட மனிதர் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக் கதிரையில் இருத்தினர். அந்த மதிப்பை எந்தக் குத்தகைக்காரரும் விலைக்குத் தந்திருக்க முடியாது.

2009க்குப் பின் மீள்குடியேறிய ஊர்களில் உதவித் திட்டங்களுக்கெனக் கூட்டப்பட்ட குழுக்கள் பல, திட்டம் முடிந்ததும் கலைந்தன. ஏனெனில் வெளியார் தரும் பொருள் மக்களைத் தருபவரோடு பிணைக்குமேயன்றி, ஒருவரையொருவர் பிணைக்காது. போத்தலுக்குப் போத்தல் தம் உழைப்பிலிருந்து கழித்துச் சேர்த்த விபத்து நிதியோ உறுப்பினரின் சொந்தச் சொத்து. அதன் கணக்கைக் கேட்க அவர் வந்தே தீருவார். ஆகவே நிர்வாகத்தினர் குறைப்படுவதை நிறுத்தி, அந்தக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வரி வரியாக வாசிக்கட்டும். மரத்தால் விழுந்தவருக்குரிய பணத்தை, அவர் வைத்தியசாலையில் இருக்கும்போதே வீட்டாரின் கையில் கொடுக்கட்டும்.