பின்காவலில் நின்ற பெண்
(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேசும்படி மன்றத்தார் எம்மைப் பணித்தார்கள். தேகாரோக்கியம், ஒழுக்கம், ஒற்றுமை என்று அடுக்கிக்கொண்டு போவது மேடை வழக்கம். அவற்றை நீங்கள் போன வருடமும் கேட்டீர்கள். ஆகையால் இன்று ஒரு பெண்ணின் உதைபந்தாட்ட வாழ்க்கையை மட்டும் சொல்ல எண்ணுகிறோம்.

அவர் பெயர் லொய்தோங்பம் ஆஷாலதா தேவி. 1993ஆம் ஆண்டு மணிப்பூரில் பிறந்தவர். மணிப்பூர் என்றதும் பாரதம் படித்த பெரியோருக்குச் சித்திராங்கதையின் நினைவு வரக்கூடும். அந்த ஊரும் இந்த ஊரும் ஒன்றுதானா என்பதைப் பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். அந்நாட்டுத் தலைநகரான இம்பாலில் பெண்களே கடை வைத்து நடத்தும் பெருஞ்சந்தை ஒன்று உண்டு. பெண் வெளியே வந்து உழைப்பது அங்கே புதுமையன்று. இந்தியப் பெண்கள் அணிக்கு அம்மாநிலம் வீராங்கனைகளை அள்ளித் தந்திருக்கிறது.

ஆஷாலதா ஆடுவது பின்காவலில். உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவரைத்தான் தோளில் தூக்குவார்கள். பின்காவலரின் வேலையோ நடக்கவிருந்த தீங்கை நடவாமல் செய்வது. எதிரி பந்தை எங்கே அனுப்பப்போகிறாள் என்று முன்கூட்டியே உணர்ந்து அங்கே போய் நிற்கவேண்டும். தோழியரைக் கூவி அழைத்து வரிசையை ஒரே கோட்டில் நிறுத்தவேண்டும். ஒருத்தி ஓரடி பின்தங்கினாலும் 'ஓவ்சைட்' பொறி குலைந்துபோகும். தொண்ணூறு நிமிடம் நன்றாக ஆடி ஒரு கணம் அயர்ந்தால், ஊரார் நினைவில் நிற்பது அந்தக் கணமே. இந்த ஸ்தானத்தில் நின்றுதான் அவர் இந்திய அணித் தலைவியானார். 2018-19ஆம் பருவத்தின் சிறந்த வீராங்கனை என்ற விருதையும் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்திடம் பெற்றார். பின்காவலர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்ததை நாம் பெரிதாகவே மதிக்கிறோம்.

தொழிலாக ஆடுவதென்றால் கழகம் வேண்டும், சம்பளம் வேண்டும். இந்தியாவில் மகளிர் லீக் தொடங்கியதே 2016-17ஆம் பருவத்தில்தான். 2019இல் மதுரையின் சேது கழகம் அதை வென்றது. தமிழர் என்ற முறையில் நமக்கும் அதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. ஆஷாலதா கேரளத்தின் கோகுலம் கழகத்துக்குத் தலைமை தாங்கி, 2022இல் அக்கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தார்.

ஆனால் அதே 2022ஆம் ஆண்டு அவரை இரண்டு முறை வதைத்தது. ஜனவரியில் ஆசியக் கிண்ணப் போட்டி இந்தியாவிலேயே நடந்தது. 2023 உலகக் கிண்ணத்துக்குப் போகும் வழி அதுதான். முதல் ஆட்டத்தில் ஈரானுடன் கோலின்றிச் சமநிலை. மூன்றாம் நாள் சீனத் தாய்பேயுடன் ஆடவேண்டும். அதற்குள் கொரோனா தொற்று அணிக்குள் புகுந்துவிட்டது. விதிப்படி வேண்டிய பதின்மூன்று பேரைக்கூடக் காட்ட முடியாமல் அணி போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது.

ஆகஸ்டில் கோகுலம் அணி ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்டுக்குப் பிரயாணமானது. அதே வேளையில் இந்தியச் சம்மேளனத்தின் நிர்வாகத் தகராறு காரணமாக உலகச் சம்மேளனம் இந்தியாவைத் தடைசெய்தது. ஊர் விட்டு ஊர் போன பெண்கள் பந்தைத் தொடாமலே திரும்பினார்கள். அம்மாதம் 26ஆந் திகதி தடை நீங்கியது. போட்டியோ அவர்களை விட்டுப் போய்விட்டது. மைதானத்துக்குள் எவரையும் தாண்டவிடாத பின்காவலரும் நிர்வாக மேசையிலிருந்து வரும் அடியை என்ன செய்து தடுப்பது?

இது புதிதல்ல. 1920ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் லிவர்பூலில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, இவ்விளையாட்டு பெண்களுக்குத் தகாது என்று சொல்லி ஆங்கிலேயச் சம்மேளனம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அந்தப் பூட்டுத் திறக்க ஐம்பது வருடம் சென்றது. மிஷன் பாடசாலையில் படித்த நாமும் பையன்களுக்கு உதைபந்து, பெண்களுக்கு வலைப்பந்து என்ற பாகுபாட்டையே கண்டு வளர்ந்தோம். ஏன் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

ஆஷாலதா ஆட்டத்தை விடவில்லை. 2024 அக்டோபரில் காத்மண்டுவில் பாகிஸ்தானுக்கெதிராக இறங்கியபோது, நூறு சர்வதேச ஆட்டங்களைக் கண்ட முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அவருக்கு உரியதாயிற்று.

இனி நம் ஊர்க் கதை. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் பேர் பெற்றவர்கள். பலாபத்வலையில் நம் மன்றத்தின் விளையாட்டுப் பிரிவிலோ ஒரு பெண் பெயர்கூட இல்லை. பெரியோர் சொல்லும் காரணங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. அந்தி சாய்ந்தபின் தோட்டத்து வழியில் பெண்பிள்ளை தனியே வருவதா என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடிப்பது, பிள்ளைகளை வீட்டுவாசல் வரை கொண்டுபோய் விட மன்றத்து அண்ணன்மார் இருவரும் ஒரு தாயும் கூடச் செல்வது என்று எழுதி நிர்வாக சபையிடம் கொடுத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு மாலை மைதானம் கிடைத்தால் போதும். ஏழு பிள்ளைகள் பெயர் தந்துவிட்டார்கள். இன்னும் நால்வர் வேண்டும். மன்றத்து அலுமாரியில் பழைய பந்தொன்று கிடக்கிறது. நேற்று காற்றடித்துப் பார்த்தோம், நிற்கிறது.