தொடுதலும் உணர்தலும்



ஆங்கிலத்தில் 'ஃபீல்' என்று ஒரு சிறு சொல் உண்டு. துணியைத் தடவிப் பார்த்தலுக்கும் அதுவே. குளிர் உறைத்தலுக்கும் அதுவே. மனம் வருந்துதலுக்கும் அதுவே. 'எம் கருத்து இது' என்று சபையில் பணிவுடன் கூறுதற்கும் அதுவே. பழைய ஆங்கிலத்தில் தொட்டறிதலே அதன் முதன்மைப் பொருள். விரலில் பிறந்த சொல் நெஞ்சுக்கு ஏறி, பின்னர்க் கருத்திலும் இடம் பிடித்துக்கொண்டது.

இஃது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று. டில்லியில் வாழும் நாம் அன்றாடம் கேட்கும் இந்தியில் 'லக்னா' என்னும் வினை இருக்கிறது. ஒட்டுதல், அடிபடுதல், பசித்தல், குளிர்தல், தோன்றுதல் ஆகிய யாவற்றையும் அவ்வொன்றே சுமக்கிறது.

தமிழோ தொடுதலைப் பற்றி ஆழ்ந்து எண்ணிய மொழி. 'மெய்' என்பது உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். 'ஊறு' என்பது தொடுவுணர்வையும் குறிக்கும்; தீங்கையும் குறிக்கும். உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியம், புல்லுக்கும் மரத்துக்கும் உரிய ஓரறிவு தொடுவுணர்வே என்று கொண்டது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதலுக்கு 'மெய்ப்பாடு' எனப் பெயரிட்டு, அதனை எட்டாக வகுத்தது. 'தீண்டு' என்னும் சொல்லிலிருந்து 'தீண்டாமை' என்னும் கொடுமையின் பெயரும் நம்மிடம் பிறந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 17-ஆம் பிரிவால் அதனை ஒழித்தது. தொடுதல் என்னும் சிறு செயலில் மனித மதிப்பே அடங்கியிருப்பதை இதனால் அறிகிறோம்.

அன்றாடப் பேச்சிலும் தமிழ் ஒவ்வோர் உணர்வுக்கும் தனிவினை வைத்திருக்கிறது. பசிக்கிறது, குளிர்கிறது, கூசுகிறது, அரிக்கிறது, மரத்துப்போகிறது என்கிறோம். 'உணர்கிறேன்' என்னும் துணை இவற்றுக்குத் தேவையில்லை.

இன்று நம் இல்லங்களில் நிகழ்வது யாது? ஆங்கிலச் சொல்லின் பல பொருள்களுள் வருத்தம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 'ஃபீல் பண்ணாதே' என்கிறோம். ஏக்கம், மனத்தாங்கல், ஆற்றாமை, குற்றவுணர்வு எல்லாம் அவ்வொரு சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். மருத்துவரிடம் செல்லும்போது குறை தெரியும். ஊரிலிருந்து வந்து ஜனக்புரியில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் அறிந்தது தமிழ் மட்டுமே. மருத்துவர் அறிந்தது இந்தியும் ஆங்கிலமும். இடையில் நிற்பவன் பேரன். 'மூட்டுக் குடைகிறது, உள்ளங்கால் எரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன' என்கிறார் பாட்டி. 'பாட்டிக்குக் காலில் வலி' என்று மூன்றையும் ஒன்றாக்கிச் சொல்கிறான் பேரன். மூட்டுக் குடைச்சல் வேறு நோய். பாத எரிச்சலும் மரமரப்பும் நீரிழிவால் நரம்பு கெடுதலின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். மரத்துப்போன காலில் புண் பட்டாலும் தெரியாது. கவனியாத புண் காலையே கொள்ளைகொள்ளவும் கூடும். ஒரு சொல் வழியில் தவறினால் ஒரு நோயே மறைந்துவிடும்.

இவ்வேறுபாடுகள் வெறும் சொல்லழகும் அல்ல. வெப்பத்தையும் அழுத்தத்தையும் நரம்புகள் அறியும் வாயில்களைக் கண்டமைக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. மிளகாயின் காரப்பொருளைக் கொண்டே ஜூலியஸ் வெப்ப வாயிலைக் கண்டறிந்தார். சுடும் வெப்பமும் மிளகாய்க் காரமும் ஒரே வாயிலைத் தட்டுகின்றன. அழுத்தத்துக்கு வேறு வாயில்கள் உண்டு. மிளகாய் பட்டால் 'எரிகிறது' என்று நம் முன்னோர் சொன்னது பொருத்தமே.

1923-இல் தோன்றிய டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுள் ஒன்று ஜனக்புரியில் இருக்கிறது. எழுத்தும் இலக்கணமும் அங்கே கற்கலாம். ஆனால் குடைச்சல், கடுப்பு, உளைச்சல் போன்ற சொற்களைக் கற்பிக்கும் இடம் வீடே. குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும்போது, 'எரிகிறதா, வலிக்கிறதா?' என்று கேட்போம். முகம் வாடியிருந்தால், 'கோபமா, ஏக்கமா?' என்று வினவுவோம். இந்தியும் ஆங்கிலமும் வேண்டிய அளவு வளரட்டும். அவற்றோடு நமக்குப் பகையில்லை. நம் பெரியோர் தம் உடலின் நோவையும் உள்ளத்தின் நோவையும் சொல்லும்போது, அதனை உள்ளவாறே புரிந்துகொள்ளும் செவி நம் குழந்தைகளுக்கு இருத்தல் வேண்டும். அதற்கு நாளொன்றுக்குச் சில சொற்களே போதும்.