அடுத்த நாள் மாத்திரை: டாக்ஸி பெப் யாருக்கு, எதுக்கு?

இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான். நம்ம ஷோவுக்கு வர்ற மெசேஜ்கள்ல இது வேற வேற வடிவத்துல திரும்பத் திரும்ப வருது: "நேத்து காண்டம் இல்லாம செக்ஸ் நடந்துடுச்சு. மெடிக்கல் ஷாப்ல ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுட்டா பால்வினை நோய் வராதா?"

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். அதனால என் கருத்தை விட்டுடுவோம், ஆய்வுகள் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

முதல்ல, இது பைத்தியக்கார யோசனை இல்லை. இதுக்கு ஒரு பேரே இருக்கு: டாக்ஸி பெப். மருந்து டாக்ஸிசைக்ளின். ரொம்ப பழைய ஆன்டிபயாடிக். எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் வந்தா நம்ம ஊர் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற அதே மாத்திரைதான்.

சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் 501 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2023ல் வெளியானது. கலந்துகொண்டவர்கள் ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும். காண்டம் இல்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம், ஒரே டோஸ். இந்த மாத்திரை கிடைச்சவங்களுக்கு பால்வினைத் தொற்று கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சது. சிபிலிஸ், கிளமிடியா ரெண்டும் நல்லாவே குறைஞ்சது. கொனோரியா அந்த அளவுக்கு இல்லை. 2024ல் அமெரிக்காவின் சி.டி.சி. இதை வழிகாட்டுதலாகவே வெளியிட்டது. ஆனா எல்லாருக்கும் இல்லை: இதே பிரிவினரில், கடந்த 12 மாதத்துக்குள் ஒரு முறையாவது இந்த மூன்று நோய்களில் ஒன்று வந்தவர்களுக்கு.

அப்போ பெண்களுக்கு? கென்யாவில் கிசுமு நகரில் 449 இளம்பெண்களிடம் இதே மாத்திரையைச் சோதித்தார்கள். மாத்திரை கொடுத்த குழுவில் 50 தொற்று, கொடுக்காத குழுவில் 59. பெரிய வித்தியாசமே இல்லை. ஏன்னு தேடினப்போதான் விஷயம் தெரிஞ்சது. சில பெண்களோட தலைமுடியை எடுத்து மருந்தோட தடயம் இருக்கான்னு பார்த்தாங்க. பெரும்பாலான மாதிரிகள்ல மருந்தே இல்லை. அதாவது மாத்திரை கைக்குப் போச்சு, வாய்க்குப் போகலை. கூடவே, அங்கே கிடைச்ச கொனோரியா கிருமி இந்த மருந்து வகைக்கு ஏற்கெனவே அடங்காததா இருந்தது. லேப்டாப்ல ஓடுற கோட் சர்வர்ல ஓடாதது மாதிரிதான். ஒரு இடத்துல வந்த ரிசல்ட்டை அப்படியே தூக்கி இன்னொரு இடத்துல ஒட்ட முடியாது.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ ஆய்வுல மாத்திரை மட்டும் தனியா போகலை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. நோய் வந்தா முழு சிகிச்சை கொடுத்தாங்க. டெஸ்ட் இல்லாம மாத்திரையை மட்டும் எடுத்தா அது டாக்ஸி பெப்பே இல்லை, வெறும் மனசாறுதல்.

ஏன்னா, தொற்று ஏற்கெனவே உள்ளே இருந்தா ஒரு டோஸ் போதாது. கிளமிடியாவுக்கு 7 நாள் மாத்திரை, சிபிலிஸுக்கு பென்சிலின் ஊசி. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற அஸித்ரோமைசினுக்கும் இந்த ஆய்வுகளுக்கும் சம்பந்தமே இல்லை. வைரஸ்களை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது: ஹெச்.ஐ.வி., ஹெர்பிஸ், ஹெச்.பி.வி., ஹெபடைடிஸ் பி எதுக்கும் இது தடுப்பு இல்லை. கர்ப்பத்தையும் தடுக்காது. கர்ப்பமா இருக்கிறவங்க டாக்ஸிசைக்ளினை டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது.

இன்னொரு விலையும் இருக்கு. நம்ம உடம்புல சும்மா இருக்கிற மத்த கிருமிகளும் ஒவ்வொரு டோஸிலும் இந்த மருந்தைப் பார்த்துப் பழகுது. நாளைக்கு நிஜமாவே தேவைப்படும்போது மருந்து கேட்காமப் போகலாம். அந்த நஷ்டம் மாத்திரை போட்டவரோட மட்டும் நிக்காது.

சரி, நேத்து நடந்துடுச்சு, இப்போ என்ன செய்யணும்? ஹெச்.ஐ.வி. பயம் இருந்தா அதுக்குத் தனி பெப் மருந்து இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் தொடரணும். கர்ப்பம் பத்தின கவலைன்னா அவசர கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் போடணும். அப்புறம் டெஸ்ட். முதல் நாள் டெஸ்ட்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எப்போ திரும்ப வரணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. எங்கே போறதுன்னு தெரியலைன்னா 1097 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடலாம்.

அடிக்கடி இப்படி நடக்குதுன்னா டாக்ஸி பெப் எனக்குப் பொருந்துமான்னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க. கேட்கிறதுல தப்பே இல்லை. கவுன்டர்ல நின்னு மெதுவான குரல்ல "ஏதாவது ஒரு மாத்திரை குடுங்க அண்ணா"ன்னு கேட்கிறதை விட, அந்தப் பத்து நிமிஷம் ரொம்ப உபயோகம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். இதை ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்பி விடுங்க.