கலவாவோ என்னும் சிறு கவுண்டி

ஐக்கிய அமெரிக்காவின் நாட்டுப்புறங்களிலே மக்களுக்கு மிக அண்மையில் நிற்கும் அரசாங்கம் வாஷிங்டனில் இருப்பதன்று. மாநிலத் தலைநகரில் இருப்பதுமன்று. கவுண்டி எனப்படும் சிறிய ஆட்சிப்பிரிவே அது. காணி உறுதிகளைப் பதிவதும், ஆதனவரி அறவிடுவதும், வாக்காளர் இடாப்பைப் பேணுவதும், தெருக்களைத் திருத்துவதும், குற்றவாளியைப் பிடித்து மறியலில் வைப்பதும் பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டியின் கடமைகளாம். இத்தகைய கவுண்டிகள் அந்நாட்டில் மூவாயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றை நடத்தும் சபையினரையும், ஷெரிப் என்னும் காவல் தலைவரையும், பதிவாளர், வரி மதிப்பாளர் முதலியோரையும் அவ்வூர் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்வது பொதுவான வழக்கம். தம்மைத் தாமே ஆளுதல் என்பதற்கு அமெரிக்கர் காட்டும் முதல் எடுத்துக்காட்டு கவுண்டியே.

அந்த மூவாயிரத்துள் ஒன்று, சபையும் வரியும் உள்ளூர்த் தேர்தலும் இல்லாமலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கவுண்டி என்ற பெயரைத் தாங்கி வருகின்றது. அதுதான் கலவாவோ.

நேயர்கள் பசிபிக் சமுத்திரத்தின் தேசப்படத்தை விரித்து ஹவாய்த் தீவுகளைப் பார்த்தால், அவற்றின் நடுவே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் மொலொக்காய்த் தீவைக் காணலாம். அதன் வடகரை முழுவதும் கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலைச்சுவர். சில இடங்களில் அது 3,000 அடிக்கு மேல் உயர்கின்றது. உலகிலுள்ள மிக உயர்ந்த கடலோரச் செங்குத்துப் பாறைகளுள் அவை எண்ணப்படுவன. அந்தச் சுவரின் அடியிலே, பிற்காலத்தில் பொங்கிய ஓர் எரிமலையின் குழம்பு கடலுக்குள் பரந்து உறைந்ததனால், நாக்கு நீட்டியது போன்ற ஒரு தட்டையான குடாநாடு உண்டாயிற்று. எரிமலையின் வாய் இன்றும் நடுவே இருக்கின்றது. அதனடியில் 800 அடிக்கு மேல் ஆழமான ஓர் ஏரி கிடக்கின்றது. மூன்று புறமும் கொந்தளிக்கும் கடல். நான்காம் புறம் மலை. மலையிலிருந்து இறங்க 26 கொண்டையூசி வளைவுகளையுடைய ஓர் ஒற்றையடிப் பாதை அமைந்தது. ஊரைச் சென்றடையும் மோட்டார் வீதி கிடையாது.

குடாநாட்டின் கிழக்குக் கரை கலவாவோ. அங்கே மழையும் குளிர்காற்றும் அதிகம். மேற்குக் கரை கலௌபாபா. அது வெயிலும் வறட்சியும் உடையது. இவற்றோடு, குடிநீர் தரும் வைகொலு என்னும் பள்ளத்தாக்கையும் சேர்த்தால் கவுண்டியின் நிலப்பரப்பு 12 சதுர மைல் ஆகும். அமெரிக்கக் கவுண்டிகள் யாவற்றிலும் நிலப்பரப்பிற் சிறியது இதுவே.

இயற்கையே எழுப்பிய இம்மதில்தான் இவ்வூரின் தலைவிதியை எழுதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹவாய் அரசில் தொழுநோய் பரவிற்று. நோய் எதனால் வருகின்றது என்று எவருக்கும் தெரியாத காலம் அது. மருந்தும் இல்லை. ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் 1865ஆம் ஆண்டில் ஒரு சட்டத்துக்கு ஒப்பமிட்டார். நோயுற்றோரைப் பிடித்து ஒதுக்கி வைக்க அது அதிகாரம் அளித்தது. 1866 ஜனவரி 6ஆம் திகதி முதற் கூட்டமாகப் பன்னிருவர் இக்கரையில் இறக்கப்பட்டனர். அவர்கள் தாமே பயிரிட்டுத் தம்மைத் தாமே காத்துக்கொள்வர் என்று சுகாதாரச் சபை கணக்கிட்டது. நோயினால் விரல்களை இழந்துகொண்டிருப்பவன் மண்வெட்டி பிடிப்பதெப்படி என்று அச்சபை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நோயாளரைப் பிரியமாட்டாமல் மனைவியோ கணவனோ தாயோ உடன்சென்றதும் உண்டு. அவ்வாறு துணை சென்றோரைக் 'கோக்குவா' என்றனர். ஹவாய் மக்கள் அந்நோய்க்கு இட்ட பெயர்களுள் ஒன்று 'பிரிக்கும் நோய்' என்பது. நோயைக் காட்டிலும் பிரிவே அவர்களை வாட்டியது என்பதற்கு அப்பெயரே சான்று. குடியேற்றத்தில் பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டனர்.

இன்னொரு பிரிவும் அங்கே நிகழ்ந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நோயாளர் வருமுன்னர் பல நூற்றாண்டுகளாக அக்குடாநாட்டில் உழுது மீன்பிடித்து வாழ்ந்த பழங்குடிகள், படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். 1895ஆம் ஆண்டளவில் அவர்களிற் கடைசியானோரும் தம் நிலத்தை விட்டு நீங்கினர்.

பெல்ஜியத்தில் பிறந்த தமியான் அடிகளார் 1873 மே மாதத்தில் இங்கு வந்தார். வீடு கட்டினார், நீர்க்குழாய் அமைத்தார், சவப்பெட்டி செய்தார், புண்ணைக் கழுவினார். அதே ஆண்டில் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அடிகளாரும் நோய்ப்பட்டு 1889 ஏப்பிரல் 15இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில் வந்து சேர்ந்த அன்னை மரியான் கோப், முப்பது ஆண்டுகள் அங்கு தொண்டாற்றி 1918இல் மறைந்தார். கத்தோலிக்கத் திருச்சபை முன்னவருக்கு 2009இலும் பின்னவருக்கு 2012இலும் புனிதர் பட்டம் அளித்தது. ஆயினும் இவ்வூரின் கதையை இவ்விருவரின் கதையாக மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது. 1879இல் நோயாளராக அனுப்பப்பட்ட அம்புரோஸ் ஹட்சிசன் என்பவர் பல ஆண்டுகள் குடியேற்றத்தின் மேலாளராயிருந்து அதனை நடத்தினார். நோயாளர் பாட்டுக் குழுக்கள் அமைத்தனர், குதிரை வளர்த்தனர், மணம் புரிந்தனர். பிடித்துவரப்பட்டவர்களே ஓர் ஊரைக் கட்டியெழுப்பினர்.

ஹவாய் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட பின்னர், 1905இல் தீவுகள் கவுண்டிகளாக வகுக்கப்பட்டன. மொலொக்காயின் ஏனைய பகுதி மாவி என்னும் கவுண்டியுடன் சேர்ந்தது; குடாநாடு மட்டும் தனியே நிறுத்தப்பட்டது. 1959இல் ஹவாய் மாநிலமான பின்னரும் அந்த ஏற்பாடு நீடித்தது. அதன்படி கலவாவோவை ஆள்வது மாநிலச் சுகாதாரத் திணைக்களம். கவுண்டிக்குரிய உத்தியோகத்தர் ஒரே ஒரு ஷெரிப். அவரையும் திணைக்களமே நியமிக்கும். மாநிலத் தேர்தலிலும் தேசியத் தேர்தலிலும் குடிகளுக்கு வாக்குரிமை உண்டு. தமது தெருவுக்கும் குடிநீருக்கும் பொறுப்பானவரைத் தெரிய மட்டும் வாக்குச் சீட்டில்லை. வைத்தியசாலைக்கு ஏற்ற ஆட்சிமுறையை ஓர் ஊருக்கு அளித்தால் எப்படியிருக்கும் என்பதை இங்கே காணலாம். உணவும் உறையுளும் மருந்தும் குறையாமல் கிடைக்கலாம். ஆனால் விதிகளை வகுப்பவன் வேறொருவன். நெடுங்காலம் நோயாளரின் கடிதங்கள் புகையூட்டப்பட்டே வெளிச்சென்றன. காண வந்தவர்களோடு கம்பிவலைக்கு இப்பால் நின்றே அவர்கள் பேசினர்.

குடிசனமதிப்புக் கணக்கு இவ்வூரைப் பற்றிச் சொல்வது விசித்திரமானது. 1900இல் 1,177 பேர். 1930இல் 605. 1950இல் 340. 1970இல் 172. 2010இல் 90. 2020இல் 82. மக்கள்தொகையில் இதனிலும் குறைந்த கவுண்டி அமெரிக்கா முழுவதிலும் ஒன்றுதான். டெக்சாஸ் மாநிலத்து லவிங் கவுண்டி, 64 பேர். வேறொரு நாட்டுப்புறக் கவுண்டியில் தொகை இவ்வாறு தேய்ந்தால், நிலம் பொய்த்தது, பிழைப்பில்லை, இளைஞர் நகரத்துக்குப் போயினர் என்று பொருள் கொள்வோம். கலவாவோவிலோ தொகை குறைந்தது மருத்துவத்தின் வெற்றியினால். 1946இல் சல்போன் மருந்து வந்தது; நோய் அடங்கிற்று; பிறருக்குத் தொற்றுவதும் நின்றது. புதிதாக அனுப்பப்படுவோர் அருகினர். ஆயினும் ஒதுக்கிவைக்கும் சட்டம் நீங்க 1969ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. மருந்து வந்து இருபத்துமூன்று ஆண்டுகள்! அச்சம் அறிவைக் காட்டிலும் மெதுவாகவே நகருகின்றது.

கதவு திறந்தபோது, பலர் வெளியே போகவில்லை. சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்களுக்கு வெளியுலகில் வீடேது, உறவேது? மணஞ்செய்ததும் நண்பரைப் புதைத்ததும் இவ்வூரிலேதான். வெளியேற்றிவிடுவார்களோ என்ற அச்சம் இப்போது எதிர்ப்புறமாகத் திரும்பிற்று. நிலத்தைக் காக்கவேண்டும் என்று நோயாளர் தாமே குரலெழுப்பினர். நோயாளராக வந்து கவுண்டியின் ஷெரிப்பாகவும் விளங்கிய ரிச்சட் மாக்ஸ் அவர்களுள் ஒருவர். 1980 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் கலௌபாபாவைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கியது. நோயாளர் விரும்பும் காலம்வரை அங்கேயே வாழலாம் என்று அச்சட்டமே உறுதி கூறுகின்றது. பார்வையாளர் அனுமதி பெற்றே வருதல் வேண்டும். நாளொன்றுக்கு நூறுபேருக்கு மேற்படாது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் வரலாகாது. நோயாளரைக் கண்காட்சிப் பொருளாக்காதிருக்க இந்த வேலி. முன்பு அவர்களை உள்ளே அடைத்த வேலி; இன்று பிறரை வெளியே நிறுத்துகின்றது.

2020இல் எண்ணப்பட்ட 82 பேரிற் பெரும்பாலோர் திணைக்கள ஊழியரும் பூங்காப் பணியாளருமே. நோயுற்று வந்தவர்களிற் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். யாவரும் முதிர்ந்த வயதினர். எரிபொருள், சீமெந்து, தளபாடம் முதலிய பாரமான பொருள்கள் கடல் அமைதியாயிருக்கும் கோடைகாலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை தெப்பக்கப்பலில் வந்து இறங்கும். மற்றவை சிறு விமானத்தில் வரும்.

கடைசி நோயாளருக்குப் பின் சுகாதாரத் திணைக்களத்துக்கு அங்கே வேலையில்லை. அப்போது ஒரு கவுண்டியை யார் ஆள்வது, முன்பு வெளியேற்றப்பட்ட பழங்குடிகளின் வழித்தோன்றல்களுக்கு அந்நிலத்தில் என்ன பங்கு என்ற கேள்விகள் எழுகின்றன. எண்ணாயிரம் பேரளவில் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோரின் புதைகுழிகளுக்கு அடையாளக் கல் இல்லை. அவர்களுடைய பெயர்களைப் பொறித்து ஒரு நினைவுச்சின்னம் அமைப்பதற்கு 2009இல் அமெரிக்கச் சட்டசபை அனுமதி வழங்கியது. தம் பாட்டனின் பெயரைத் தேடிப் பழைய இடாப்புகளைப் புரட்டும் குடும்பங்கள் ஹவாய்த் தீவுகளெங்கும் இன்றும் இருக்கின்றன.